பெயின்ட் அடிக்காத ஃபியட்

...இருங்க, இருங்க. கைதட்டறதை அப்புறம் வச்சுக்கலாம். கல்யாண வீட்ல வாழ்த்திப் பேசுன்னு மைக்கைக் குடுத்துட்டாங்க. பொண்ணுக்கு நாலு புத்தி, மாப்பிள்ளைக்கு நாலு புத்தின்னு ஆரம்பிச்சா நீங்க எல்லாரும் எந்திரிச்சு சாப்பிடப் போயிருவீங்க. அதனால புத்தி கித்தி ஒண்ணும் வேணாம். ஒரு கார் கதை இருக்கு... குட்டியூண்டு கதை. அதைக் கேட்டுட்டுப் போங்க.

நம்ம கோயமுத்தூர்ல தேவசிகாமணின்னு என் சிநேகிதர். பம்ப்செட் கடை வச்சிருக்கார். மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம்... பழைய கார்! அதுலயும் எப்படிப்பட்ட கார் தெரியுமா? அறுபதுகள்ல வந்த ஃபியட். கம்பெனியில அடிச்ச பெயின்ட் அப்படியே இருக்கணும். மேல ஒரு கோட்டு அடிச்சிருந்தாலும் வேணாம். ஏன்? புதுசா பெயின்ட் அடிக்க ஆயிரம் பேர் இருக்காங்க... பழைய பெயின்ட்டை மறுபடி கொண்டுவர ஒருத்தன் இருக்கானா? போனா போனதுதானே?

இவர் கார் பார்க்கப் போற அழகே தனி. கையில, கைக்குட்டை சுத்தின ஒரு காந்தம். அதை வண்டி உடம்புல வச்சுப் பார்ப்பார். தகரம்னா ஒட்டும். ஓட்டையை அடைச்சுப் பட்டி பூசியிருந்தா... ஒட்டாது. ஈரோட்ல ஒரு வண்டி. கண்ணாடி மாதிரி மின்னுது. காந்தத்தை வச்சார்... டொக்! கீழே விழுந்துச்சு. அந்தப் பக்கம் போய் வச்சார்... டொக்! விக்கறவர் என்ன சொன்னார் தெரியுமா? "சார், உங்க காந்தம் போலி!"

அப்புறம் தாராபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. "சின்ன வேலைதானுங்க பாக்கி, ரெடி பண்ணினா ரோட்டுல பறக்கும்"னு ஒருத்தர் கூப்பிட்டார். போனா... எஞ்சின் இல்ல, சக்கரம் இல்ல. பின் சீட்டுல ஒரு கோழி அடைகாக்குது! "மெதுவாக் கதவைத் தொறங்க சார், அது கோவிச்சுக்கும்"ங்கறார். இவர் கோழிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத் திரும்பி வந்தார்.

இப்படியே வருஷக்கணக்கா அலைஞ்சு, கடைசியில உடுமலைப்பேட்டையில... நாச்சிமுத்துன்னு ஒரு பெரியவர் வீட்டு ஷெட்டுல... பார்த்துட்டார்! வெளுத்துப்போன பச்சை. பம்பர்ல நசுங்கல். ஸ்டியரிங் கைபட்டுக் கைபட்டு வழவழன்னு கிடக்கு. காந்தத்தை வச்சார்... ஒட்டுச்சு! கதவுல... ஒட்டுச்சு! மட்கார்டுல... ஒட்டுச்சு! கால்மேட்டைத் தூக்கி அடித்தகரத்தைப் பார்த்தார், துரு இல்ல. சாவியைத் திருப்பினார்... டுர்ர்ர்ர்! அம்பது வயசு மனுஷன், பம்ப்செட் முதலாளி, ஷெட்டுக்குள்ள குதிக்கறார்! பேச்சு முடிஞ்சு போச்சு. "புதன்கிழமை நல்ல நாளுங்க, வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க"ன்னுட்டார் பெரியவர்.

புதன்கிழமை காலையில பெரியவர்கிட்டேயிருந்து போன். "ஏனுங்க தம்பி, சாயங்காலமா வாங்க. உங்களுக்கு ஒரு அதிசயம் வச்சிருக்கறேன்."

"என்ன அதிசயமுங்கய்யா?"

"பெயின்டரை வரச் சொல்லிட்டனுங்க! உங்களுக்குச் செலவில்ல, என்னோட அன்பளிப்பு. வண்டி தக்காளியாட்டம் செவப்பா ஜொலிக்கப்போவுது!"

"ஐயோ! வேணாங்கய்யா!"

"அட, கூச்சப்படாதீங்க தம்பி!" போனை வச்சுட்டார்.

திரும்ப அடிச்சா எடுக்கல. ஏன் எடுக்கல? பெயின்டர் பக்கத்துல நின்னு, எங்கெங்க தேய்க்கணும்னு காட்டிட்டிருக்கார்!

கடையை அப்படியே போட்டுட்டு ஓடினார் பாருங்க... செருப்பு போடலைங்கறதே பொள்ளாச்சி தாண்டித்தான் தெரியுது. போய் இறங்கினா... வண்டியை ஷெட்டுலேருந்து வாசலுக்குத் தள்ளி வச்சு, ஒரு கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, செவப்பு அடிச்சாச்சு. பெயின்டர் அடுத்து பானெட்டைத் தேய்க்கக் குனியறார். நம்மாளு என்ன பண்ணினார்? தடால்னு பானெட் மேல விழுந்து கட்டிக்கிட்டார்! உச்சி வெயில்... தகரம் தோசைக்கல்லாட்டம் கொதிக்குது... "ஆ... ஆ..."ங்கறார், ஆனா விடமாட்டேங்கறார்!

பெரியவருக்கு ஒண்ணுமே புரியல. "ஏனுங்க, ஒரு பொண்ணைக் கட்டிக் குடுக்கறப்ப பழஞ்சீலையோடயா அனுப்புவாங்க? அலங்கரிச்சு அனுப்பினாத்தானுங்களே எங்களுக்கு மரியாதை?" சொல்றப்பவே அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. கெட்ட எண்ணமா அவருக்கு? இல்லீங்க... பாசம்! சுத்தமான பாசம்!

இவர் பானெட்ல படுத்துக்கிட்டே சொன்னார்... "ஐயா, இதைப் பார்த்துத்தானே நான் கேட்டேன்? இதையே மாத்திக் குடுத்துட்டா... நான் ஆசைப்பட்ட வண்டிக்கு நான் எங்கய்யா போவேன்?"

பெரியவர் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டார். பெயின்டரைப் போகச் சொல்லிட்டார். அந்த ஒரு செவப்புக் கதவோடவே வண்டி கோயமுத்தூர் வந்து சேர்ந்துச்சு. அந்தக் கதவைப் பார்க்கறப்பெல்லாம் இன்னைக்கும் மனுஷனுக்கு வயிறு எரியும்.

சரி, கல்யாண மண்டபத்துல இதை ஏன் சொல்றேன்? பொண்ணோட அம்மா எங்கே? சுகந்தி... இப்படி முன்னாடி வா தங்கச்சி. நிச்சயமான நாள்லேருந்து வீட்ல நீ என்ன பண்ணிட்டிருக்க? "மிருதுளா, அங்க போய் சத்தமாச் சிரிக்காதே. மிருதுளா, எதிர்த்துக் கேள்வி கேட்காதே. மிருதுளா, மெதுவா நட." பாசம்தான், எனக்குத் தெரியாதா? ஆனா மாப்பிள்ளை என்கிட்ட ஒண்ணு சொன்னார். பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு, உள் ரூம்லேருந்து இந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பு ஹாலுக்குக் கேட்டுச்சாம். முகத்தைப் பார்க்கறதுக்கு முந்தியே முடிவு பண்ணிட்டாராம்! அந்தச் சிரிப்பையா தேய்ச்சு எடுக்கற? அதை எடுத்துட்டா, அவர் இன்னைக்கு யாரைக் கூட்டிக்கிட்டுப் போவார்?

சம்பந்தியம்மா, நீங்களும் கேட்டுக்கங்க. உங்க வீட்ல ரெண்டாவது கோட்டு ஆரம்பிச்சிரக் கூடாது!

மிருதுளா... குனிஞ்சது போதும், நிமிரு கண்ணு. காலையிலேருந்து அடக்கி அடக்கிக் கன்னமே வீங்கிப்போச்சு. உனக்கு மைக் வேணாம்... சிரி! ...ஆங்! கேட்டுச்சா? இலை போடறவங்க கூடத் திரும்பிப் பார்க்கறாங்க! சுகந்தி... ஏன் அழற? அழு, பரவாயில்ல. ஆனா உன் பொண்ணை... உன் பொண்ணாவே அனுப்பி வை.