அளவுக்கு நின்றவர்

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, ஐயா. சீனி கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் இன்றைக்கு எனக்கு எல்லாமே பிடித்திருக்கிறது. காலையிலிருந்து வாய் தானாகவே பாட்டு முணுமுணுக்கிறது. உங்கள் கான்ஸ்டபிள்தான் முறைக்கிறார்.

நோர்வூட்டில் எனக்கு ஒரு ஸ்டூடியோ. கல்யாணப் படமும் அடையாள அட்டைப் படமும் எடுத்து அலுத்துப்போயிருந்தேன். அப்போதுதான் கொழும்பு மலையேறும் சங்கம் ஒன்று கூப்பிட்டது. தேயிலைக்கு மேலே உச்சிக்குப் போகும் பாதையை மழை எப்படி அரிக்கிறது என்று மாதாமாதம் ஒரே இடத்திலிருந்து படமெடுக்க வேண்டும். பாதையைப் பராமரிக்க வீரய்யாவை வைத்தார்கள். தோட்டத்தில் வடிகால் கான் வெட்டிப் பழகியவர். மழைத்தண்ணீர் பாதையில் ஓடாமல் ஒதுங்கிப் போகக் குறுக்கே கான் வெட்டுவார், கரைக்குக் கல் அடுக்குவார்.

வெறும் மண்ணைப் படமெடுத்தால் பள்ளத்தின் ஆழம் தெரியாது. அளவுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். வளைவின் விளிம்பில் இருந்த வெள்ளைக் கல்லைக் காட்டி வீரய்யாவை நிற்கச் சொன்னேன். அதற்குப் பிறகு சொல்லவே தேவையில்லை. கொழுந்தெடுப்பவர்கள் தங்களுக்குக் கொடுத்த தேயிலைச் செடி நிரையை விட்டு மாறமாட்டார்கள் அல்லவா, அவருக்கு அந்தக் கல்தான் நிரை.

"நீங்க குடுத்த நெரைங்க சார். மாறவே மாட்டேன்" என்பார்.

முதல் பெருமழையில் கல்லுக்குப் பக்கத்து விளிம்பு உடைந்தது. முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். கொழும்பில் கைதட்டினார்களாம். கண்காட்சி வைப்போம் என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் வீரய்யா கான் வெட்டி முடித்ததும் பாதை அசையவில்லை. மாதாமாதம் ஒரே படம். அதை யார் பார்ப்பார்கள், நீங்களே சொல்லுங்கள். ஆகவே விடிகாலையில் போய்க் கானை மண்ணும் புல்லும் போட்டு அடைத்தேன். அவர் வெட்டுவார், நான் அடைப்பேன். சின்னப் பிள்ளைகளின் கண்ணாமூச்சி மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் அப்படி நான் சந்தோஷப்பட்டதில்லை.

"காட்டுப்பன்னிதாங்க சார் கிண்டிப்புடுது" என்று அவர் திட்டுவார். நானும் சேர்ந்து பன்றியைத் திட்டுவேன்.

தண்ணீர் பாதை வழியே ஓடி வெள்ளைக் கல்லின் அடிமண்ணைக் கொண்டுபோய்விட்டது. கீழே இறங்கி நின்று அதையும் எடுத்தேன். கல்லைத் தாங்க நாலைந்து வேர்கள்தான் மிச்சம். அருமையான படம், ஐயா, உங்களுக்கு ஒரு பிரதி தருகிறேன்.

நேற்று அவர் கல்லில் ஏறியதும் தயங்கினார்.

"சார், காலுக்கு அடியில மண்ணே இல்லாத மாதிரி இருக்குங்க. கொஞ்சம் இங்கிட்டு நிக்கட்டுங்களா?"

மாறி நின்றால் பழைய படங்களோடு பொருந்தாது.

"ஒன்னுமில்லைங்க, உங்க நெரையிலேயே நில்லுங்க" என்றேன்.

நின்றார். சிரித்தார்கூட. ஒரு தடவை அழுத்தினேன். மறுபடி அழுத்தியபோது படத்தில் கல்லும் இல்லை, அவரும் இல்லை.

நான் தள்ளவில்லை, ஐயா. கை கேமராவில் இருந்தது, படத்தைப் பார்த்தாலே தெரியும். மண்ணைக் கொண்டுபோனது மழைதானே.

ஒரு சின்ன உதவி மட்டும் செய்யுங்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் அவர் மகள் சுதர்ஷினி அச்சாக அப்பாவின் உயரம். அடுத்த மாதப் படத்துக்கு வந்து நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் வருவாள்.