செம்புக்கும் ஆதார்

பூதலூரில் ரயில் ஏறிய இருவரும் அண்ணன் தம்பி என்பதும், தம்பிக்கு அங்கேயும் அண்ணனுக்குத் தஞ்சாவூரிலும் பழைய இரும்புக்கடை இருப்பதும் பேச்சிலிருந்து தெரிந்தது.

“செம்புக்கும் ஆதார் வந்துடுச்சு காக்கா,” என்றார் தம்பி, அண்ணனிடம்.

“என்னடா சொல்றே?”

“உருக்குற கம்பெனியில, மூட்டைக்கு மூட்டை கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றாங்க. ஸ்கேன் பண்ணா யார் வித்தது, எங்கேருந்து வந்ததுன்னு தெரியணுமாம். வெளிநாட்டுல வாங்குறவங்க கேக்குறாங்க.”

“நமக்கு இது ஒத்து வருமா?”

“வருது. நேத்து ஒருத்தன் மேலுறைய எரிச்ச செம்புக்கம்பி கொண்டாந்தான். எந்த மோட்டார்லேருந்து எடுத்தது, சொல்லுங்க, போட்டோ எடுக்கணும்னேன். உடனே மூட்டையத் தூக்கிட்டுப் போயிட்டான். இன்னைக்குக் காலையில ஒரு விவசாயி வந்து நிக்கிறாரு. பம்புசெட்டை உடைச்சு, மோட்டார் கம்பிய உருவிட்டாங்களாம். நாத்து தண்ணியில்லாம காயுது. கடை பூரா தேடிப் பாத்துட்டு, தப்பா நெனச்சுட்டேன் பாய்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு.”

“நானா இருந்தா வாங்கியிருப்பேன்டா,” என்றார் அண்ணன்.

“தெரியும் காக்கா. அந்தக் கம்பி கொண்டாந்தவனுக்கும் தெரியும். அடுத்து உங்க கடைக்குத்தான் வருவான். அதச் சொல்லத்தான் கூட வர்றேன்.”

அண்ணன் போனை எடுத்துத் தன் கடைக்குப் பேசினார். “செம்புக்கம்பி யார் கொண்டாந்தாலும் எடை போடாதே, டீ வாங்கிக் குடுத்து உக்கார வை. நாங்க வர்றோம்.”