ஒரு பிற்பகல் இறந்திருந்தவனின் வாழ்த்துரை

மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, நொடியில் செய்தியை நம் சட்டைப் பைக்குள் சேர்க்கும் ஆசிரியர் குழுவினரே, வந்ததைப் படிக்கும் முன்பே நாலு பேருக்கு அனுப்பிவிடும் வாசகப் பெருமக்களே, அனுப்பும் முன் இருமுறை படிக்கும் தாய்மார்களே! உங்கள் கைபேசிச் செய்திச் சேவையின் ஆண்டு விழாவில், அதே சேவையில் ஒரு பிற்பகல் முழுக்க இறந்து கிடந்த பேருந்து ஓட்டுநரான நான் வாழ்த்த வந்திருக்கிறேன்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். இறந்தவன் மேடையேறிப் பேசுவது உங்களுக்கும் புதிது, எனக்கும் புதிது.

மலைப்பாதைச் சேற்றில் என் வண்டி சறுக்கியது. ஓரத்து வாய்க்காலில் ஒருக்களித்துச் சாய்ந்தது. எவருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்பக்க சன்னல் வழியே எல்லோரையும் இறக்கிவிட்டேன். வண்டி ஓட்டும்போது கைபேசியை அணைத்துப் பையில் வைப்பது என் வழக்கம்; அந்தப் பையோ சேற்றுக்குள்.

அதே வேளையில் செய்தியறையில் என்ன நடந்தது? முந்த வேண்டும், மற்றவர் அனுப்பும் முன் அனுப்ப வேண்டும்! அதற்காகவே விபத்துக்கென்றும் வெள்ளத்துக்கென்றும் வாசகங்களை அங்கே முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். இடத்தையும் எண்ணையும் மாற்றினால் செய்தி தயார். அன்று வண்டி எண்ணை மாற்றினார்கள். பழைய விபத்தின் கடைசி வரியை மாற்ற மறந்தார்கள். ‘ஓட்டுநர் உயிரிழந்தார்.’ போயிற்று! ஆயிரமாயிரம் கைகளுக்குப் போயிற்று! தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கைக்கும் போயிற்று.

தவறு தெரிந்ததும் திருத்தினார்களா? இல்லை, அழித்தார்கள். அவள் மறுபடி திறந்தபோது அங்கே இருந்தது, ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ உடனே உங்கள் செய்தி அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

“அந்தச் செய்திய எடுத்துட்டோம்மா, கவலப்படாதீங்க.”

“செய்திய எடுத்துட்டீங்க, சரி. ஆளு இருக்காரா இல்லையா, அத சொல்லுங்க சார்!”

“உறுதி ஆனதும் அனுப்புறோம்மா.”

கவனியுங்கள் பெரியோர்களே! இறந்தார் என்று சொல்ல உறுதி தேவைப்படவில்லை. இருக்கிறார் என்று சொல்ல உறுதி தேவைப்பட்டது!

மாலையில் சேற்றுக் காலோடு கடை வாசலில் போய் நின்றேன். கையிலிருந்த சட்டையைக் கீழே வைக்காமலே, “ஏங்க, சாப்டீங்களா?” என்றாள். பிறகு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

வேகம் வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. போன மழையில் பாலம் மூழ்கியதைச் சொல்லி என் வண்டியைத் திருப்பியதும் உங்கள் செய்திதான். நான் கேட்பது ஒன்றே: தவறு எத்தனை கைகளுக்குப் போனதோ, அத்தனை கைகளுக்கும் திருத்தம் போகட்டும்!

அதோ, மூன்றாம் வரிசையில் கைபேசியோடு அமர்ந்திருக்கிறாள் என் மனைவி. அந்த நீக்கத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து அவளுக்கு வானிலை வந்தது, விளையாட்டு வந்தது, விளம்பரமும் வந்தது. என்னைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வரி வரவில்லை. ஆசிரியர் அவர்களே, நான் மேடையை விட்டு இறங்குவதற்குள் அதை அனுப்பிவிடுங்கள். உறுதி வேண்டுமென்றால், இதோ நிற்கிறேன்!

வாழ்த்தி, உயிரோடு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.