தானே திருத்திய தாள்

— நியாயமா சொல்லுங்க ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம். பரீட்சைத் தாளைப் பிள்ளைங்க கையிலயே கொடுத்து, 'நீங்களே திருத்தி நீங்களே மார்க் போட்டுக்கோங்க'ன்னு எந்த டீச்சராவது சொல்வாங்களா?

— முதல்ல உக்காருங்க சார்.

— உக்காரவெல்லாம் நேரமில்லை. இந்த மனுவுல முப்பது பெற்றோர் கையெழுத்து இருக்கு. ஆறாம் வகுப்புக்கு இந்தக் கணக்கு டீச்சர் வேண்டாம். டியூஷன் சென்டர்ல இருபது வருஷமா நானும் கணக்குதான் எடுக்குறேன். நியாயமா சொல்லுங்க, என் பொண்ணு பத்துக்கு நாலு வாங்குற பொண்ணா?

— யாரு போட்ட நாலு?

— அவளே போட்டுக்கிட்டது! பக்கத்துல உக்கார்ற பையன் எட்டு போட்டுக்கிட்டானாம். துணிஞ்சவனுக்கு எட்டு, என் பொண்ணு மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு நாலா? இதுவா பாடம்?

— பொறுங்க சார், பொறுங்க. எனக்கும் இதே கோபம்தான் வந்துச்சு. டீச்சரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அந்தம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. தாளையெல்லாம் கொண்டுவந்து மேஜைல வெச்சு, 'நீங்களே ஒரு தடவை திருத்திப் பாருங்க. அதுக்கப்புறமும் போகச் சொன்னா போயிடுறேன்'னாங்க.

— திருத்தினீங்களா?

— பிள்ளைங்க போட்ட மார்க்கை மறைச்சு வெச்சுக்கிட்டு நாப்பது தாளையும் திருத்தினேன். அந்தப் பையனுக்கு நானும் எட்டுதான் போட்டேன். மூணு மார்க் எடுத்த ஒரு பிள்ளை, மூணுன்னே போட்டு, எந்த வரியில சறுக்கினேன்னும் எழுதி வெச்சிருக்கு. முப்பத்தொம்பது பேர்ல ஒருத்தர்கூட அரை மார்க் கூட்டிப் போட்டுக்கலை சார். இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததே இல்லை. மனசார சொல்றேன், எனக்கு அந்த வித்தை வராது.

— முப்பத்தொம்பதுன்னா... மிச்சம் ஒரு தாள்?

— உங்க பொண்ணோடது. நான் பத்துக்குப் பத்து போட்டேன்.

— அப்படிச் சொல்லுங்க! எல்லாமே சரி! அப்புறம் எதுக்கு நாலு?

— பின்னத்தைப் பின்னத்தால வகுக்குற கணக்கு மூணு இருந்துச்சு, ஆறு மார்க். அதுக்குப் பக்கத்துல எழுதியிருக்கா. படிக்கிறேன், கேளுங்க: 'விடை சரி. ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கினேன். ஏன் தலைகீழாக்கணும்னு அப்பாகிட்ட கேட்டேன். கேள்வி கேக்காம போடுன்னு திட்டினாங்க. புரியாம போட்டதுக்கு எனக்கு மார்க் வேண்டாம்.'

— நான் கொஞ்சம் உக்காந்துக்கிறேன் மேடம்.

— சார்? தண்ணி குடிக்கிறீங்களா?

— அவ மேல கோபமே இல்லை மேடம் எனக்கு. ஏன் தலைகீழாக்கணும்னு எனக்கும் தெரியாது. அதான் திட்டினேன்.