சிவப்புக் கோட்டுக்கு மேலே பதினொரு மாதம்

“வாத்தியாரே, நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா?” சென்ற சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் கேட்கப்பட்ட கேள்வி இது. என் பெயர் செனானு டோக்பே, வயது எழுபத்திரண்டு, கானா நாட்டின் வோல்டா பகுதியில் வேமே ஊரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

கேட்டவர் ஆளும் கட்சியின் வட்டாரச் செயலாளர் வோலானியோ. எங்கள் ஊர்ப் பெண் டெலாலியை அரசின் துணைத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கு முன்மொழிந்திருக்கிறார்கள். படிப்பு முடித்தவர் செய்ய வேண்டிய ஓராண்டு நாட்டுச் சேவையை அவள் செய்யவில்லை, தகுதியில்லை என்கிறது எதிர்க்கட்சி. அவள் சேவை செய்தது என் பள்ளியில், கணக்கு ஆசிரியையாக. வியாழக்கிழமை நாடாளுமன்றக் குழு அவளை விசாரிக்கிறது.

பன்னிரண்டு மாதமும் வந்தாள் என்று கடிதம் கேட்டார் வோலானியோ. பதினொரு மாதம் என்றேன்; கடைசி மாதம் சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு நான்தான் விடுப்புக் கொடுத்தேன். அதன் பின், கறையானுக்குப் பயந்து வீட்டில் வைத்திருந்த பழைய வருகைப் பதிவேட்டைக் காட்டினேன். தினமும் ஏழு மணிக்குச் சிவப்புக் கோடு போடுவேன். பிந்தி வருபவர் அதற்குக் கீழே கையெழுத்திட வேண்டும். நானே இருமுறை கீழே போட்டிருக்கிறேன். அவள் ஒருமுறையும் இல்லை.

அதன் பின் எதிர்க்கட்சி இளைஞரணித் தலைவர் செலோர்ம் மோட்டார் சைக்கிளில் வந்து, “ஒருநாளும் வரலன்னு எழுதுங்க சார்” என்றார்.

“கையெழுத்து கண்ணுக்குத் தெரியலையா?”

“ஒரு மாசம் குறையுதுல்ல? அப்ப செய்யாத மாதிரிதான்.”

“பன்னண்டு முட்டை வாங்கி ஒண்ணு உடைஞ்சா, நீ முட்டையே வாங்கலையாடா?”

அதுவரை அங்கேயே நின்ற வோலானியோ கடைசி மாதத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இப்ப ஒண்ணும் குறையல” என்றார். செலோர்ம் மீதிப் பதிவேட்டைப் பிடுங்கினார். நான் விடவில்லை, என் மணிக்கட்டை முறுக்கினார். “இப்ப ஒண்ணுமே இல்ல” என்று சிரித்தபடி எடுத்துச் சென்றார். அவரைத் தடுக்காமல் வோலானியோ காரில் ஏறினார்.

முப்பத்தாறு ஆண்டு பாடம் நடத்தியவன் நான். இரண்டு கட்சிக்கும் பொய் ஒன்றே வேண்டியிருந்தது.

காவல் நிலையத்தில் இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. வலது கை வீங்கியிருப்பதால் இடது கையால் கையெழுத்திடுகிறேன். பதிவேடு கிடைக்காவிட்டால் ஒன்று செய்யுங்கள்: வேமேயில் முப்பதை நெருங்கும் யாரிடமாவது, பின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். செலோர்மிடமிருந்தே தொடங்குங்கள்.