பத்தடி தள்ளி

மனைவி: ஜன்னலை மூடாதீங்க!

கணவன்: சாரல் அடிக்குதும்மா. தைக்க வந்த துணியெல்லாம் நனையுது பாரு.

மனைவி: நனையட்டும். காபி போட்டீங்களா?

கணவன்: சத்தியமா இல்ல. நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து நானும் வெந்நீர்தான்.

மனைவி: அப்ப எங்கேர்ந்து டயர் கருகுது?

கணவன்: கீழ் வீட்டுல ரொட்டி வாட்டுறாங்க.

மனைவி: ரொட்டியா அது... குடலைப் புரட்டுது.

கணவன்: டாக்டர்தான் சொன்னாரே, மூளைக் காய்ச்சல்ல வாசனை நரம்பு தாறுமாறாயிடும், மாசக்கணக்கா ஆகும், பொறுங்கன்னு...

மனைவி: பொறுத்துப் பொறுத்து பதினோரு கிலோ போச்சு. அவருக்கென்ன, சொல்றதுக்கு வாய் வலிக்கவா போகுது?

கணவன்: வெள்ளரிக்காய் நறுக்கியிருக்கேன், ஜில்லுனு. நேத்து அது மட்டும்தானே இறங்குச்சு. இந்தா...

மனைவி: அங்கயே வைங்க! கிட்ட வரவேணாம்.

கணவன்: சரி, சரி... வெச்சுட்டேன். அது என்ன பெட்டி?

மனைவி: அக்கா வீட்டுக்குப் போறேன். கொஞ்ச நாள்.

கணவன்: நீயா? ரெண்டு நாள் இருந்தா மூணாம் நாள் சண்டை போட்டுட்டு வர்ற ஆளாச்சே!

மனைவி: இப்ப சண்டை போடத் தெம்பில்ல. அதான் தைரியமாப் போறேன்.

கணவன்: விளையாடாத. என்ன விஷயம்?

மனைவி: ஒண்ணுமில்ல. அங்க காத்து நல்லா வரும்.

கணவன்: அவங்க வாசல்லயே மீன் மார்க்கெட்டு.

மனைவி: மீன் நாத்தம் எனக்குத் தெரியறதே இல்ல இப்போ.

கணவன்: அப்ப எதும்மா தாங்கல?

மனைவி: விடுங்களேன்!

கணவன்: சொல்லு.

மனைவி: பதினாலு வருஷம்... பட்டறை எண்ணெயும் வேர்வையுமா நீங்க வந்து நின்னா அதுதான் எனக்கு வீடு. இப்ப... நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே செத்த எலி மாதிரி... நீங்கதாங்க. குளிச்சாலும் போகல. இதை எந்த வாயால சொல்லுவேன்?

கணவன்: தெரியும்.

மனைவி: என்ன தெரியும்?

கணவன்: கண்ணு முழிச்ச அன்னிக்கே நர்ஸ்கிட்ட, 'இந்த ஆளை வெளிய அனுப்புங்க, நாறுது'ன்ன. அவங்க என்னைப் பாத்தாங்க. காய்ச்சல்ல ஏதோ உளறுறா, விடுங்கன்னு சொல்லி சமாளிச்சுட்டேன்.

மனைவி: ரெண்டு மாசமா... ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!

கணவன்: நீ சொல்லலியே... நாலு சோப்பு மாத்திப் பாத்தேன். தோல் உரிஞ்சதுதான் மிச்சம்.

மனைவி: அழாதீங்க. நீங்க அழுதா நான் கிட்ட வரணும். என்னால வர முடியாதுங்க...

கணவன்: யாரு அழுதா? பெட்டியை அங்க வெச்சுட்டு நீ முன்னால நட. நான் பத்தடி தள்ளித் தூக்கிட்டு வர்றேன். பஸ் ஏத்திவிட்டா போதும் எனக்கு.

மனைவி: அதைத் திறக்காதீங்க!

கணவன்: மூடி சரியா அழுந்தலம்மா... ஏய், இது என்னோட சட்டையில்ல? திங்கக்கிழமை பட்டறைக்குப் போட்டுட்டுப் போனது. துவைக்கவே இல்ல, கவர்ல சுத்தி... இதை ஏன் கொண்டுபோற?

மனைவி: காலையில ஒருதடவை மோந்து பாப்பேன். தினமும். கொமட்டினாலும் பாப்பேன். என்னிக்கு அதுல உங்க வாசம் வருதோ, அன்னிக்குச் சண்டை போடாமயே திரும்பி வந்துடுவேன்.