குதிரைக்கு மூன்று, பிஷப்புக்கு மூன்றேகால்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அண்ணன் பழனியப்பன் அவர்களே, பத்து காஜா ஊரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் பெரியோர்களே, உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடோடி வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்க மனமில்லாமல் வாசலிலேயே நிற்கும் வாலிபச் சிங்கங்களே, உங்கள் அனைவருக்கும் புந்தோங் சதுரங்கக் கழகத்தின் பொங்கிப் பெருகும் வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டில், கம்ப்யூட்டருக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து, நம் பேராக் மாநிலத்தின் பெயரால் கோலாலம்பூர் போட்டிக்குப் புறப்படும் இருவரை வழியனுப்பக் கூடியிருக்கிறோம். ஒருவர், கணித ஆசிரியர் ஜோன். இன்னொருவர், காப்புறுதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் இருளாயி. இவர்கள் சேர்ந்து எழுதிய புரோகிராம் போன ஞாயிறு சித்தியவான் ஊர்க்காரர் எழுதிய புரோகிராமைச் சந்தித்தது. வென்றவருக்குக் கோலாலம்பூர், தோற்றவருக்கு வீட்டுச் சாப்பாடு. திரையில் வந்தபடி பலகையில் காயை நகர்த்தியது யார்? இந்தக் கை. ஆகவே நான் சொல்வது கேட்ட கதை அல்ல, கண்ட கதை.

இருவருக்கும் ஒரு சண்டை. காய்கள் வெட்டுப்பட்டுக் குறைந்த கடைசிக் கட்டத்தில் குதிரை பெரிதா, பிஷப் பெரிதா?

என்ன கேட்கிறீர்கள், நல்லம்மாள் அக்கா? பிஷப் என்றால் சர்ச்சில் இருப்பவரா? அவர் இல்லை அக்கா. அவர் நேராக நடப்பவர், இவர் குறுக்காக மட்டுமே நடப்பவர். கறுப்புக் கட்டத்தில் தொடங்கினால் கடைசிவரை கறுப்புதான். குதிரையோ கறுப்புக்கும் வெள்ளைக்கும் மாறி மாறித் தாவும்.

கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை, கணக்குத்தான் உண்டு. காய்க்குக் காய் ஓர் எண் கொடுத்தால்தான் எதைக் காப்பது, எதைக் கொடுப்பது என்று அதற்குத் தெரியும். ஜோன் சார் கொடுத்தது குதிரைக்கு மூன்று, பிஷப்புக்கு மூன்றேகால்.

"எல்லா ஆட்டத்திலயுமா சார்?" என்று கேட்டார் இருளாயி. "சிப்பாயெல்லாம் வழிய அடைச்சிட்டு நின்னா பிஷப்பு எங்க போவும்?"

"நான் எத்தன வருசமா ஆடுறேன். பிஷப்ப சும்மா குடுக்கக் கூடாது. அந்த எண்ணத் தொடாதீங்க."

இருளாயி தொட்டுவிட்டார். சொந்தச் சிப்பாய்கள் பிஷப்பின் நிறத்துக் கட்டங்களிலேயே சிக்கி நின்றால் அதன் மதிப்பைக் குறை, பலகை திறந்து கிடந்தால் கூட்டு என்று சில வரிகளைச் சேர்த்தார். சாரிடம் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் தொடங்கியது. சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றன. நம்மிடம் ஒரு குதிரை, ஒரு பிஷப். அவர்களிடமும் அப்படியே. திரையில் எழுத்து வந்தது. வாசித்தேன், மறுபடியும் வாசித்தேன். நம் பிஷப்பைக் கொடுத்து அவர்கள் குதிரையை வாங்கச் சொல்கிறது!

ஜோன் சார் முகம் வெளுத்தது. "எண்ண மாத்தினீங்களா?"

"மாத்திட்டேன் சார். சொன்னா விட்டிருக்க மாட்டீங்க லா."

"தோத்துட்டா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு சார்."

ஆட்டம் தொடங்கியபின் புரோகிராமைத் தொடக்கூடாது என்பது விதி. சார் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான் காயை வெட்டினேன்.

அப்புறம் அந்தக் குதிரை ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வேன், எப்படிச் சொல்வேன்? வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் குதிரை கறுப்புக் கட்டத்தைத்தான் தாக்கும். சித்தியவான் சிப்பாய்கள் எங்கே? கறுப்பில். அவர்களின் பிஷப் எங்கே? அதுவும் கறுப்பில். வெள்ளையில் நிற்கும் குதிரையை அதனால் தொட முடியுமா? தொலைவில் நின்று பார்க்கத்தான் முடியும். குதிரை தாவியது, தட்டியது, ஒவ்வொன்றாகத் தின்றது.

சித்தியவான் புரோகிராமை எழுதிய பெரியநாயகம், இதோ, பெருந்தன்மையோடு மேடையில் அமர்ந்திருக்கிறார். அன்று என் காதில் சொன்னார்: "மச்சான், என் பிஷப்பு என் சிப்பாய்க்குப் பின்னாலயே ஒளிஞ்சிக்கிட்டு நிக்குது."

இரண்டாவது ஆட்டம் தலைகீழ். பலகை பட்டப்பகல்போல் திறந்து கிடந்தது. சிப்பாய்கள் இரண்டு ஓரமும் சிதறி நின்றன. இப்போது நம் புரோகிராம் குதிரையைக் கொடுத்துவிட்டு பிஷப்பை வைத்துக்கொண்டது. அவர்கள் குதிரை இந்த ஓரத்துக்கு ஓடினால் அந்த ஓரம் போச்சு, அந்த ஓரத்துக்கு ஓடினால் இந்த ஓரம் போச்சு. நம் பிஷப்போ இருந்த இடத்திலிருந்தே இரண்டையும் காத்தது. அதிலும் வென்றோம்.

"இப்ப மட்டும் ஏன் பிஷப்ப வச்சிக்கிச்சு?" என்றார் ஜோன் சார்.

"ஜாலான் தொறந்திருக்கு சார், வழிய யாரும் அடைக்கல. நீங்க சொன்னது இந்த மாதிரி ஆட்டத்துக்குச் சரி."

சார் பலகையிலிருந்த பிஷப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "எனக்குத் தெரியாம மட்டும் இனிமே மாத்தாதீங்க."

"நீங்களும் தொடாதீங்கன்னு சொல்லாதீங்க சார்."

அன்புப் பெருமக்களே, இரப்பர் தோட்டத்தில் பிறந்தவருக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று நமக்கும் ஓர் எண்ணை எழுதி வைத்தார்களே, வழி அடைபட்டிருந்ததை அந்தக் கணக்கில் சேர்த்தார்களா? சேர்க்கவில்லையே. திறந்து விடுங்கள் வழியை, அதற்கப்புறம் போடுங்கள் மதிப்பை! தோட்டத்துப் பள்ளியில் படித்த இருளாயி நாளை கோலாலம்பூர் மேடையில் நிற்கப்போகிறார். நம் ஜோன் சாரும் அவர் பக்கத்தில் நிற்கப்போகிறார்.

சற்றுமுன் இந்த மேடைக்குப் பின்னால் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். யானைக்கு என்ன மதிப்பு என்று இருவரும் அடுத்த சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். அது முற்றுவதற்குள் இருவரையும் பஸ் ஏற்றிவிட எல்லோரும் காலையில் வந்து சேருங்கள் என்று வேண்டி, பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.